மாத்திரைக்குள் மீனா, மாடா?

என் நெஞ்சுக்குள் ஓர் உலோகக் கதவு இருக்கிறது. திறக்கும், மூடும். மூடும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் போடும். சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதய வால்வு ஒன்றைக் கெடுத்துவிட்டுப் போனது யாருக்கும் தெரியாது. நாற்பதைத் தாண்டி, மும்பை சயான் ஸ்டேஷன் பாலத்துப் படிகளில் நான் மீனைப் போல வாயைத் திறந்து திறந்து மூடியபோதுதான் கண்டுபிடித்தார்கள். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துத் தைத்து அனுப்பினார்கள்.

கோயிலில் பூசை நடக்கும்போது, நற்கருணையை உயர்த்தும் அந்த ஒரு நிமிடம் எல்லாம் அடங்கிவிடும். ஒருமுறை அந்த அமைதியில் பக்கத்தில் இருந்தவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்துப் பார்த்தார். நான் பக்தியோடு கண்ணை மூடிக்கொண்டேன்.

இந்தக் கதவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. அதன்மேல் ரத்தம் உறையக் கூடாது. அதற்காகத் தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு சின்ன மாத்திரை, ஆயுள் முழுவதும். ரத்தம் அதிகம் கெட்டிப்பட்டால் கதவு சிக்கிக்கொள்ளும். அதிகம் இளகினால் உடம்புக்குள் எங்கே வேண்டுமானாலும் கசியும். அதனால் மாதம் ஒருமுறை சோதனை. அதில் வரும் எண் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருக்க வேண்டும். என் உயிர் குடியிருக்கும் இடம் அவ்வளவுதான். தாராவியில் பிறந்தவனுக்குக் குறுகிய இடத்தில் வாழ்வது ஒன்றும் புதிதில்லை என்று தேற்றிக்கொண்டேன்.

செம்பூரில் இருக்கும் என் டாக்டரம்மா மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். முதல் நாளே ஒன்று சொன்னார். "தலைவலி மாத்திரையா இருந்தாலும் சரி, இருமல் டானிக்கா இருந்தாலும் சரி, யாராவது குடுத்த கஷாயமா இருந்தாலும் சரி. எனக்கு ஒரு ஃபோன் பண்ணிட்டு வாயில போடுங்கோ." என் மனைவி அவருடைய எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். நான் தண்ணீர் பாட்டில் எடுக்கும்போதெல்லாம் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டுதான் எடுக்கிறேன். பார்ப்பது வேறு, கூப்பிடுவது வேறு.

என் பிழைப்பு தோல் பை. தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு பட்டறை. ஆபரேஷனுக்குப் பிறகு கத்தியைத் தொடுவதை விட்டுவிட்டேன். அளவு எடுப்பது, ஆர்டர் பிடிப்பது, வேலை செய்பவர்களைக் கிண்டல் செய்வது மட்டும் என் பொறுப்பு. ஆனால் அதற்கு முன் பல வருடம் தரையில் சம்மணமிட்டுக் குனிந்து தைத்ததற்கு முட்டி இரண்டும் இப்போது வட்டி கேட்கின்றன. உட்கார்ந்தால் எழ முடியவில்லை. எழுந்தால் உட்கார மனம் வரவில்லை. வலி மாத்திரைகளில் பெரும்பாலானவை எனக்கு ஆகாது. ரத்தம் இளக்கும் மாத்திரையோடு அவை சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம் என்று டாக்டரம்மா தடுத்துவிட்டார். அனுமதித்த ஒரே மாத்திரையை என் முட்டி மதிக்கவே இல்லை.

மற்ற மாதங்களில் எப்படியோ ஓட்டிவிடலாம். தவக்காலத்தில் முடியாது. எங்கள் கோயில் பங்கில் வெள்ளிக்கிழமைதோறும் சந்து சந்தாகச் சிலுவைப்பாதை போகும். பதினான்கு இடத்தில் நின்று, பதினான்கு முறை முழந்தாளிட்டு, பதினான்கு முறை எழ வேண்டும். போன வருடம் எல்லாரும் எழுந்து அடுத்த இடத்துக்குப் பாட்டோடு நகர்ந்த பிறகும் நான் மட்டும் தரையில் கிடந்தேன். எங்கள் சந்தில் இருக்கும் ஓர் அம்மா என் மனைவியிடம் சொன்னாராம்: "ஒங்க வீட்டுக்காரரு எம்புட்டு உருக்கமா செபிக்காரு! எழும்பவே மனசு வரல பாருங்க."

"மனசெல்லாம் வந்துட்டு. முட்டிதான் வரல" என்றாள் என் மனைவி. என் புனிதத்தை முளையிலேயே கிள்ளுவதில் அவளுக்கு நிகர் கிடையாது.

இந்த வருடம் திருநீற்றுப் புதனுக்கு முந்தின ஞாயிறு, பாண்டுப்பிலிருந்து மைத்துனன் வந்தான். என் மனைவியின் தம்பி. ஒரு பேக்கிங் கம்பெனியில் சூப்பர்வைசர். உலகத்தில் எதற்கும் அவனிடம் ஒரு தீர்வு இருக்கும். அன்று எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி. மறுபடி உயிர்ப்பு ஞாயிறுக்குத்தான் கறி என்பதால், இருவரும் கொஞ்சம் பொறுப்போடு சாப்பிட்டோம். கை கழுவ எழுந்தபோது நான் சுவரைப் பிடித்தேன்.

"என்னத்தான் இது, கால் ஒடஞ்ச ஸ்டூலு மாதிரி ஆடுதிய?"

"வயசாவுதுல்லா மாப்ள."

"எனக்கு மட்டும் கொறஞ்சா வருது? போன கிறிஸ்மஸுக்கு நானும் இப்படித்தான் கெடந்தேன். இப்பம் பாருங்க." அவன் எங்கள் ஒற்றை அறையின் நடுவில் நின்று உட்கார்ந்து எழுந்து காட்டினான். இரண்டாம் தடவை எழும்போது அலமாரிக் கதவில் தலை இடித்தது. அதையும் கணக்கில் எடுக்காமல் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வைத்தான்.

"காண்ட்ராய்டின். நம்ம முட்டிக்குள்ள மெத்தை மாதிரி குருத்தெலும்பு இருக்குல்லா, அதுல இருக்கற சாமான்தான் இது. நமக்குத் தேஞ்சதை இது ரொப்புது. டயருக்கு ரீட்ரெட் போடுத மாதிரி. பிந்தாஸா, பயமில்லாம சாப்பிடுங்க."

அடுப்புப் பக்கத்திலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "ஏலேய், டாக்டரம்மாட்ட கேக்காம ஒண்ணும் குடுக்காத."

"எக்கா, இது மருந்து இல்லக்கா. சத்து. மெடிக்கல்ல சீட்டு கேக்காமத்தான் குடுக்கான். சீட்டே கேக்காத சாமானுக்கு எதுக்கு டாக்டரு?"

இந்த வாதத்தில் எனக்கு ஓர் ஓட்டையும் தெரியவில்லை. சீட்டு கேட்டால் மருந்து, கேட்காவிட்டால் சத்து. டாக்டரம்மா சொன்ன பட்டியலில் மாத்திரை, டானிக், கஷாயம் எல்லாம் இருந்தது. சத்து என்று அவர் சொல்லவே இல்லையே. அன்றே ஒன்றைப் போட்டுக்கொண்டேன். பலாக்கொட்டை அளவு. தொண்டையில் நின்று யோசித்துவிட்டுத்தான் இறங்கியது.

புதன்கிழமை காலை. நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து வந்து, மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

குருத்தெலும்பு சரி. யாருடைய குருத்தெலும்பு?

தவக்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் இறைச்சி கிடையாது. மீன் உண்டு. மீனுக்குத் திருச்சபையில் தடையில்லை, எங்கள் நாக்கிலும் இல்லை. ஆக, இந்த மாத்திரை மீனிலிருந்து வந்திருந்தால் சுத்தபோசனம். மாட்டிலிருந்து வந்திருந்தால், நான் சாம்பல் பூசிய நெற்றியோடு மாட்டைத் தின்கிறேன். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எறும்புக்காக அச்சடித்த எழுத்து. ஃபோனில் படம் எடுத்துப் பெரிதாக்கினால், சைவம் அல்ல என்று காட்டும் அடையாளம் மட்டும் இருந்தது. எந்தப் பிராணி என்று இல்லை.

"என்ன, வாயத் தொறந்துட்டு நிக்கிய?" என்றாள் மனைவி.

"இது மீனா மாடான்னு தெரியணும்."

"டாக்டரம்மாட்ட கேளுங்க."

"அவங்க சைவம். அவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்று வியர்த்தது. வாழ்நாள் முழுவதும் மாட்டுத் தோலைத் தட்டி, இழுத்து, மடித்துச் சோறு தின்கிற மனிதன் நான். என் சட்டையை மோந்து பார்த்தாலே பிராணி தெரியும். அப்படிப்பட்டவன், முட்டியளவு குருத்துக்காகப் பரிசுத்தம் கெட்டுவிடும் என்று பட்டறைக்குப் போகாமல் நேரே சாமியார் பங்களாவுக்குப் போனேன்.

பங்குச் சாமியார் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், என்னைவிட இளையவர். அன்று காலையிலிருந்து சாம்பல் பூசிப் பூசி அவர் கட்டைவிரல் கறுத்திருந்தது. டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, பாவசங்கீர்த்தனமா?"

"அது பண்ணணுமா வேண்டாமான்னு கேக்கத்தான் சாமி வந்தேன்." டப்பாவை மேசையில் வைத்து விஷயத்தைச் சொன்னேன்.

அவர் டீயைக் கீழே வைத்தார். சிரிப்பை அடக்கச் சில நொடிகள் எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். "இதைத் தொட்டுக்கிட்டுச் சோறு திங்கீயளா?"

"இல்ல சாமி."

"ருசிக்காகச் சாப்பிடுதியளா?"

"இதுக்கு ருசியே கெடையாது."

"பெறகு என்ன? இறைச்சியை விடச் சொன்னது ஆசையை விடச் சொன்னது. உடம்புக்கு வேணும்னு டாக்டர் சொன்னா, மாடோ மீனோ, சொன்னபடி சாப்பிடுங்க. டாக்டர் சொன்னதுதானே?"

"அதெல்லாம் சத்து மாத்திரைதான் சாமி" என்றேன். கேள்விக்குப் பதில் மாதிரியே இருந்தது. அவரும் விட்டுவிட்டார்.

அதோடு நானாவது விட்டிருக்கலாம். மனம் கேட்கவில்லை. டப்பாவில் இருந்த எண்ணுக்குப் பட்டறையிலிருந்து ஃபோன் போட்டேன். பாட்டுப் போட்டுக் காக்கவைத்து, கடைசியில் ஒரு பெண் இந்தியில் வந்தாள். மீனா மாடா என்று கேட்டேன். அவளுடைய வேலை நாளில் அப்படி ஒரு கேள்வி வந்திருக்காது. யாரையோ கேட்டுவிட்டு வந்து, "சார், சமுந்தர் கா ஹை. ஷார்க்" என்றாள்.

சுறா! எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் புட்டு செய்து கொடுக்கிற சுறா. சொந்தக்காரன் மாதிரி. நான் அந்தப் பெண்ணுக்கு மனமார நன்றி சொல்லி, அவள் என் திருப்தியை ஒன்றிலிருந்து ஐந்துவரை அளக்கச் சொன்னபோது ஐந்தை அழுத்தினேன். பட்டறையில் எல்லாரும் கேட்க, "மீனுதாம்லே!" என்று அறிவித்தேன். தையல் மெஷினில் இருந்தவன் மதியச் சாப்பாட்டைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

ஆக, சந்தேகம் முழுக்கத் தீர்ந்தது. மீன்தான். சாமியாரும் சரி சொல்லியாயிற்று. இதற்குமேல் யாரைக் கேட்க வேண்டும்?

ஒரு மாதம் போலச் சாப்பிட்டேன். முட்டி கொஞ்சம் லேசானதுபோல இருந்தது. மாத்திரையாலா, நம்பிக்கையாலா, ஒருசந்தி என்று ஒருவேளை மட்டும் வயிறாரச் சாப்பிட்டதில் உடம்பு இளைத்ததாலா, தெரியாது. எனக்கு மாத்திரை என்று நினைப்பதுதான் பிடித்திருந்தது. மாதச் சோதனைக்கு முந்தின வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் நான் ஓர் இளந்தாரியைப் போல இருந்தேன். ஒவ்வோர் இடத்திலும் தொப்பென்று முழந்தாளிட்டேன். சிமெண்ட் தரையோ, சாக்கடை மூடியோ பார்க்கவில்லை. போன வருடம் என் உருக்கத்தைப் புகழ்ந்த அம்மா இந்த வருடம் ஏமாந்திருப்பார், அவ்வளவு சுருக்காக எழுந்தேன்.

சனிக்கிழமை காலை பல் தேய்த்துத் துப்பியபோது வாஷ்பேசினில் ரோஜா நிறம். பேஸ்ட் புதுசு போல என்று நினைத்தேன். குளிக்க லுங்கியை மடித்தபோதுதான் கீழே பார்த்தேன். இரண்டு முட்டியும் முற்றின கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. முன்பும் முழந்தாளிட்டிருக்கிறேன், சிவக்கும். இது சிவப்பு இல்லை. வலது முட்டிக்குக் கீழே ஊதா வழிந்து கெண்டைக்கால்வரை இறங்கியிருந்தது.

அந்த நொடியில் என் மூளை செய்த வேலைகளைச் சொன்னால் வெட்கம். முதலில், இயேசுவின் காயங்கள் புனிதர்கள் உடம்பில் தோன்றுமே, அந்த ஐந்து காய வரம் எனக்கு வந்துவிட்டதோ என்று ஒரு எண்ணம். ஆனால் வரம் பெற்ற எந்தப் புனிதருக்கும் முட்டியில் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அடுத்து, ஃபோனில் தேடினேன். டீ ஆறுவதற்குள் எனக்கு ரத்தப் புற்றுநோய், ஈரல் கேடு, பெயர் படிக்க முடியாத இன்னொன்று எல்லாம் வந்துபோயின. பிறகு பட்டறை யாருக்கு, வீட்டுப் பத்திரம் எந்த டிரங்குப் பெட்டியில் என்று யோசித்தேன். அடக்கப் பூசைக்கு எந்தப் பாட்டு என்பதில் மட்டும் கொஞ்சம் குழப்பம் இருந்தது. எல்லாம் முடிந்த பிறகுதான் அந்த எண் நினைவுக்கு வந்தது. இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருக்க வேண்டிய என் எண் இப்போது எங்கே இருக்கிறது?

"அடியே! ஓடிப்போயி பாலக்கீரை ரெண்டு கட்டு வாங்கிட்டு வா!" என்று கத்தினேன். கீரையை நிறையத் தின்றால் அந்த எண் இறங்கும் என்று எப்போதோ கேட்டிருந்தேன். "ராத்திரி மாத்திரையையும் இனிமே தொடமாட்டேன்!"

அவள் வந்து முட்டியைப் பார்த்தாள். முகம் ஒருமுறை வெளிறியது. குரல் மாறவில்லை. "கீரையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீங்களா எதையும் திங்காதீய, நீங்களா எதையும் நிறுத்தாதீய. சட்டையப் போடுங்க." ஃபிரிட்ஜ் கதவிலிருந்த எண்ணைப் பார்த்து அவளே ஃபோன் போட்டாள். உடனே வரச் சொன்னார்கள். போகிற போக்கில் அந்தச் சத்து டப்பாவை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். நான் ஜெபமாலையை எடுத்துக்கொண்டேன். யார் உபயோகமானதை எடுத்தார்கள் என்று வாசகருக்கே தெரியும்.

சயானிலிருந்து செம்பூர்வரை ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறியது. ஒவ்வொரு பள்ளத்திலும் உள்ளே ஏதோ கசிவதுபோல எனக்குத் தோன்றியது. மெதுவாகப் போகச் சொல்லி "தீரே பாய், தீரே" என்று நான் முனகியதை டிரைவர் ஏதோ பிரசவ கேஸ் என்று நினைத்திருக்க வேண்டும். திரும்பி என் மனைவியைத்தான் பார்த்தார்.

கிளினிக்குக் கீழேயே இருந்த லேபில் ரத்தம் எடுத்தார்கள். ஊசி போட்ட இடத்தில் வழக்கத்தைவிட அதிக நேரம் பஞ்சை அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. மேலே டாக்டரம்மா என் முட்டிகளை இரண்டு கையாலும் தடவி, மடக்கி, நீட்டிப் பார்த்தார். பிறகு கேள்விகள்.

"தலைவலி இருக்கா? வாந்தி? பார்வை மங்கறதா?"

"இல்ல டாக்டர்." கேட்டதும் தலை வலிப்பதுபோல இருந்தது.

"மலம் தார் மாதிரி கருப்பாப் போறதா? மூத்திரம் சிவப்பா?"

"இல்ல டாக்டர்." ஆனாலும் மனதுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

"விழுந்தேளா? தலையில அடி?"

"விழல. முழந்தாள்தான் போட்டேன்."

"புதுசா ஏதாவது சாப்பிட்டேளா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி கைப்பையைத் திறந்து டப்பாவை மேசைமேல் வைத்தாள். பெயர் இருந்த பக்கத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

டாக்டரம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "எத்தனை நாளா?"

"தவக்காலம் ஆரம்பிச்சதுலேர்ந்து. ஒருவேளைச் சாப்பாடும் அன்னையிலேர்ந்துதான்."

"யாரையாவது கேட்டேளா?"

"பங்குச் சாமியாரைக் கேட்டேன். கம்பெனிக்காரியையும் கேட்டேன்."

"என்னன்னு?"

"மீனா, மாடான்னு."

அவர் என்னையே பார்த்தார். "என்ன சொன்னா?"

"மீன்னு சொன்னா. சுறா."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சைவக் குடும்பத்துப் பெண்மணி, மாடு மீன் என்று இப்படி அடுக்குவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "இது மாட்டுலேர்ந்தும் வரும், பன்னிலேர்ந்தும் வரும், மீன்லேர்ந்தும் வரும். உங்க முட்டி அதைக் கேக்காது. உங்க ரத்தம்தான் கேக்கும். ஊரெல்லாம் கேட்டேள், ரத்தத்தைப் பாத்துக்கற ஒருத்தியை மட்டும் விட்டுட்டேள்."

"நான் கேளுங்கன்னு சொன்னேன் டாக்டர்" என்றாள் மனைவி. "அவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னாரு."

அப்போது லேபிலிருந்து ஃபோன். எண் ஐந்தைத் தாண்டியிருந்தது.

எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை. ஐந்து என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். லேசாகத் தலை இடித்தாலும் போதும், உள்ளே ரத்தம் நிற்காமல் போகலாம்.

"பயப்படற மாதிரி இப்போ ஒண்ணும் இல்லை" என்றார் டாக்டரம்மா. "தோலுக்கு அடியிலதான் கட்டியிருக்கு. மூட்டுக்குள்ள இறங்கலைன்னு நினைக்கறேன், எதுக்கும் ஒரு ஸ்கேன் பாத்துடுவோம். இன்னிக்கு ராத்திரி ரத்த மாத்திரை வேண்டாம். நாளைக்குக் காலம்பற திரும்ப டெஸ்ட், அதைப் பாத்துட்டு நான் சொல்றேன். நீங்களா நிறுத்தறது, நீங்களா ஏத்தறது, ரெண்டும் கூடாது. அந்த எண் ரொம்ப இறங்கினாலும் ஆபத்து, வால்வுல கட்டி சேந்துடும். நடுவுல தலைவலி, வாந்தி, முட்டி வீக்கம், எது வந்தாலும் நேரா ஆஸ்பத்திரி."

"இந்த டப்பா விஷமா டாக்டர்?"

"விஷமெல்லாம் இல்லை. நிறையப் பேர் சாப்பிடறா. சிலருக்கு வலி கொறையறதுங்கறா, சிலருக்கு ஒண்ணும் ஆறதில்லை. ஆராய்ச்சி பண்ணினவாளே ஒரே மாதிரி சொல்றதில்லை. வயிறு கொஞ்சம் படுத்தும், அவ்வளவுதான் சாதாரணமா. ஆனா ரத்தம் இளக மாத்திரை சாப்பிடறவா இதைத் தானா சேத்துக்கப்படாது. இழுப்பு இருக்கறவா, ப்ராஸ்டேட்ல புத்து வந்தவா, கர்ப்பிணி, இவாளும் கேக்காம தொடப்படாது. இந்த டப்பாவைப் பாருங்கோ, கூடவே இன்னொண்ணும் சேத்திருக்கான், குளூக்கோசமின். அது பெரும்பாலும் எறா ஓடு, நண்டு ஓட்டுலேர்ந்து எடுக்கறது. அதையும் இதையும் சேத்துச் சாப்பிட்டு இந்த எண் ஏறினவா இருக்கா."

"ஆக, இதுதான் ஏத்திட்டுது."

"இதுவும் இருக்கலாம். நீங்க ஒருவேளைச் சாப்பாடுன்னு வயித்தைக் கொறைச்சேளே, அதுவும் இருக்கலாம். ரெண்டையும் ஒரே நேரத்துல ஆரம்பிச்சா எதுன்னு நான் எப்படிச் சொல்றது? அதனால ரெண்டும் நிறுத்தம். வழக்கமா என்ன சாப்பிடுவேளோ அதே சாப்பிடுங்கோ. கீரையும் வழக்கமான அளவுதான்."

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பாலக்கீரை விஷயத்தை அவள் டாக்டரிடம் சொல்லவில்லை. அந்தக் கருணையை நான் மறக்கமாட்டேன்.

கிளம்பும்போது டாக்டரம்மா கேட்டார்: "இதை யார் குடுத்தா? அவரும் அவரோட டாக்டரைக் கேக்கச் சொல்லுங்கோ." வெளியே வந்ததும் மைத்துனனுக்கு ஃபோன் போட்டேன். நடந்ததை முழுக்கக் கேட்டான். பிறகு, "அத்தான், எனக்கும் பல்லு லேசா கூசுது. ரத்தம் வருமோ?" என்றான். அவனுக்கு பிரஷர் மாத்திரை தவிர வேறொன்றும் கிடையாது. அன்று சாயங்காலமே பாண்டுப்பில் தன் டாக்டரிடம் டப்பாவோடு போய் நின்றிருக்கிறான். உனக்கு ஒன்றும் பயமில்லை, சில மாதம் பார், உபயோகம் தெரியாவிட்டால் நிறுத்து, ஆபரேஷன் ஏதாவது வந்தால் முன்னாடியே சொல்லிவிடு என்று அனுப்பிவிட்டார்களாம். ஆக, அவனுக்கு அது சத்துதான். எனக்குத்தான் இல்லை. ஒரே டப்பா.

ஸ்கேனில் மூட்டு சுத்தமாக இருந்தது. ஞாயிறு பூசை முடிந்து மறுபடி ரத்தம் கொடுத்தேன். எண் நாலுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. டாக்டரம்மா சொன்ன அளவில் ராத்திரி மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தேன். அடுத்த சோதனையில் எண் தன் பழைய குடித்தனத்துக்குத் திரும்பிவிட்டது. அந்தத் தகவல் ஃபோனில் வந்தபோது நான் பட்டறையில் வெட்டு மேசைமேல் மல்லாந்து கிடந்தேன். முட்டிக்கு இனி மாத்திரை இல்லை, தசைக்குப் பயிற்சிதான் என்று சொல்லி ஒரு பிசியோதெரபிப் பெண்ணிடம் அனுப்பியிருந்தார்கள். படுத்துக்கொண்டு, காலை நீட்டி, மெதுவாகத் தூக்கி, நிறுத்தி, இறக்க வேண்டும். பட்டறையில் படுக்க வேறு இடம் இல்லை. பை வெட்டுகிறவன் கத்தரியோடு பக்கத்தில் வந்து நின்று, "சேட், எந்த சைஸுல வெட்டணும்?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள், நானாகவே டாக்டரம்மாவுக்கு ஃபோன் போட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக, ஒன்றைச் செய்வதற்கு முன்பு.

"டாக்டர், நாளைக்குச் சிலுவைப்பாதை. முழந்தாள் போடலாமா?"

"அது உங்க சாமியார் டிபார்ட்மெண்ட். என் டிபார்ட்மெண்ட்டுல நாற்காலி."

சாமியாரிடம் சொன்னேன். "உக்காந்தே வாங்க அண்ணாச்சி, ஆண்டவரு முட்டியப் பாக்கமாட்டாரு" என்றார். மனைவி ஒரு பச்சை பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒவ்வோர் இடத்திலும் அதை ஆசனம் போடுவது மாதிரி வைப்பாள், நான் ஒரு மந்திரியைப் போல உட்காருவேன், கூட்டம் முழுவதும் என்னைச் சுற்றி முழந்தாளிடும். முதல் சில இடங்களில் கூச்சத்தில் குனிந்தே இருந்தேன்.

நாலாவது இடத்திலோ ஐந்தாவதிலோ, நாற்காலி ஒருபக்கம் இழுபட்டது. திரும்பிப் பார்த்தேன். போன வருடம் என் உருக்கத்தைப் புகழ்ந்த அந்த அம்மா. நாற்காலியின் கையைப் பிடித்து எழ முயன்றுகொண்டிருந்தார். நான் கனமாக அழுந்தி உட்கார்ந்து கொடுத்தேன். அவர் எழுந்தார். அடுத்த இடத்தில் அவர் பக்கத்தில் இன்னொருத்தி வந்து முழந்தாளிட்டாள். அதற்கடுத்த இடத்தில் நாற்காலியின் முதுகுப்பக்கமும் ஆள். பாட்டு முடிந்ததும் நாலு பக்கமிருந்தும் கைகள் வந்து நாற்காலியையும் என் தோளையும் பிடிக்கும். ஒவ்வொருத்தராக முனகிக்கொண்டு எழுவார்கள்.

"ஆடாம இருங்க" என்றாள் மனைவி, பின்னாலிருந்து.

ஆடாமல் இருந்தேன்.